பக்கவாசல் நிறுத்தம்

பத்தொன்பது வருடம் பதினேழாம் நம்பர் பஸ்ஸை ஓட்டியதில் அவளுக்குப் பெயரே பதினேழு என்று ஆகிவிட்டது. டிப்போவில் அப்படித்தான் கூப்பிட்டார்கள். தினமும் ஏறுகிற பயணிகள் கொஞ்சம் மரியாதை சேர்த்து 'பதினேழு அக்கா' என்றார்கள். அதே டிப்போவில் மெக்கானிக்காக இருந்த அவள் வீட்டுக்காரரும் சமையலறையிலிருந்து, "பதினேழு, காப்பி ஆறுது" என்றுதான் குரல் கொடுப்பார்.

ஊரில் ஏற்கெனவே ஒரே ஒரு டிராம் தடம் இருந்தது. ரயில் நிலையத்தில் ஆரம்பித்து மார்க்கெட்டோடு முடிந்துவிடும். அதை மார்க்கெட்டிலிருந்து பாலம் தாண்டி, ஆஸ்பத்திரி மேட்டில் ஏறி, ஊர்க்கோடிக் குடியிருப்பு வரை நீட்டப்போகிறோம் என்று அறிவித்தார்கள். அது அப்படியே பதினேழாம் நம்பரின் பாதை. டிராம் வந்ததும் பஸ்ஸை எடுத்துவிடுவார்கள். ஓட்டுநர்கள் வேறு பாதைக்குப் போகலாம், இல்லையென்றால் டிராம் ஓட்டக் கற்றுக்கொள்ளலாம் என்றார்கள்.

"நாப்பத்தாறு வயசுல போய்ப் பாடம் படிக்கணுமா?" என்றார் வீட்டுக்காரர்.

"ரோடு மாறணும், இல்லாட்டி வண்டி மாறணும். ரோட்டை மாத்த எனக்கு மனசு வரல" என்றாள் அவள்.

பயிற்சியில் சேர்ந்த முதல் வாரம் அவளுக்குக் கையை எங்கே வைப்பதென்றே தெரியவில்லை. ஸ்டியரிங் கிடையாது. இடது கைக்கு ஒரு கைப்பிடி. முன்னால் தள்ளினால் வேகம், பின்னால் இழுத்தால் பிரேக். அவ்வளவுதான். வளைவு வரும்போதெல்லாம் இரண்டு கைகளும் தாமாக எழுந்து காற்றைத் திருப்பின. பின்னால் நின்ற பயிற்சியாளர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அக்கா, அது தானாத் திரும்பிக்கும். நீங்க நிறுத்தறதுல மட்டும் கண்ணா இருங்க. முப்பது டன். நினைச்ச இடத்துல நிக்காது" என்றார். மூன்றாவது மாதத் தேர்வில் நாற்பத்தைந்து மீட்டர் நடைமேடையில் ஒரு சாண்கூடத் தப்பாமல் கொண்டுவந்து நிறுத்தினாள். பன்னிரண்டு பேரில் அவளுக்குத்தான் முதல் இடம்.

அவள் அக்காவுக்கு ஆஸ்பத்திரி மேட்டின் உச்சியில் ஒரு கண்ணாடிக் கடை. அக்கா ஆறு வயது மூத்தவள். கண் பரிசோதிப்பது, லென்ஸ் அரைத்துச் சட்டத்தில் பொருத்துவது எல்லாம் அவளே. அத்தான் கல்லாவில் உட்கார்ந்து வருகிறவர்களோடு ஊர்க்கதை பேசுவார். ஒற்றைக் கண்ணாடிக் கதவு, அதற்குள் நீளமான அறை, சுவர் முழுக்கச் சட்டங்கள், கடைசிச் சுவரில் எழுத்துப் பலகை. தங்கைக்கு ஓய்வு நாள் என்றால் பாதிப் பொழுது அங்கேதான் கழியும்.

டிராமுக்காகத் தெருவைத் தோண்டியபோது அந்தக் கடை படாத பாடு பட்டது. வாசலுக்கு நேரே ஆளுயரப் பள்ளம். அதன்மேல் இரண்டு பலகை. கண் சரியாகத் தெரியாதவர்கள்தானே கண்ணாடிக் கடைக்கு வருவார்கள்? பள்ளத்தைப் பார்த்துப் பயந்து அப்படியே திரும்பிப் போனார்கள். அக்கா ஒரு நாளைக்கு நாலு தடவை சட்டங்களைத் தூசு தட்டினாள். ஒன்றரை வருடம் ஒரு முனகல் இல்லை. காரணம், எழுத்துப் பலகைக்குப் பக்கத்தில் அவள் ஒட்டிவைத்திருந்த டிராம் வரைபடம். அதில் ஒன்பதாவது நிறுத்தம் அவள் கடைக்கு நேரெதிரே விழுந்திருந்தது.

"கஷ்டம் இன்னும் கொஞ்ச நாள்தான்டி. அப்புறம் பாரு, நீயே வந்து என் வாசல்ல நாப்பது பேரை இறக்கி விடுவே" என்பாள். அத்தான், "இறங்கறவங்க எல்லாருக்கும் பார்வை மங்கலா இருக்கணும்னு வேண்டிக்க" என்பார்.

தண்டவாளம் பதிக்கும் முன், புது ஓட்டுநர்கள் பாதை முழுவதையும் ஒருமுறை நடந்து பார்க்க வேண்டும் என்பது ஏற்பாடு. மஞ்சள் சட்டையை மாட்டிக்கொண்டு பன்னிரண்டு பேரும் கிளம்பினார்கள். திட்டப் பிரிவிலிருந்து ஒரு பெண் இன்ஜினியர் கையில் சுருட்டிய வரைபடத்தோடு கூடவே வந்தாள். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். கேள்வி கேட்டால் நின்று பதில் சொல்கிற ரகம்.

பாலம் தாண்டி மேட்டின் அடிவாரத்தில் ஆஸ்பத்திரியின் பக்கவாசல். அங்கே வந்ததும் பதினேழு நின்றுவிட்டாள்.

"இங்க ஸ்டாப் இல்லையா மேடம்?"

"இல்லை. மெயின் கேட் அந்தப் பக்கத் தெருவுல இருக்கு. இங்கேர்ந்து முந்நூத்தம்பது மீட்டர்ல, மேட்டு மேல ஒன்பதாவது ஸ்டாப் வருது."

"பஸ்ஸுக்கும் இங்க ஸ்டாப் இல்லைதான். ஆனா நான் நிறுத்துவேன்."

உடன் வந்தவர்களில் ஒருவன், "அதுக்குத்தான் ரெண்டு மெமோ வாங்கினாங்க" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். இன்ஜினியர் மட்டும் சிரிக்கவில்லை. "ஏன் நிறுத்தினீங்க?" என்று கேட்டாள்.

பக்கவாசலை ஒட்டியிருந்தது டயாலிசிஸ் கட்டடம். சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கு அங்கே வாரத்துக்கு மூன்று நாள் ரத்தம் சுத்தம் செய்வார்கள். நாலு மணி நேரம் படுத்துக் கிடந்துவிட்டு வெளியே வருகிறவர்களுக்குக் காலும் தலையும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் இருக்கும். கையில் கட்டோடு, உச்சியில் இருக்கும் ஸ்டாப்புக்காக அந்த மேட்டில் அவர்கள் ஏறுவதை பஸ்ஸின் பக்கக் கண்ணாடியில் ஒருநாள் பார்த்தாள். அன்றிலிருந்து பதினேழாம் நம்பர் பக்கவாசலில் நின்றது. தோண்ட ஆரம்பித்து பஸ்ஸை அடுத்த தெருவழியே சுற்றிவிட்ட பிறகு, அவர்கள் மறுபடி மேடேறத் தொடங்கியிருந்தார்கள்.

இதையெல்லாம் சொல்லிவிட்டு, "நான் சொல்றதை எழுத வேண்டாம் மேடம். புதன்கிழமை மூணு மணிக்கு வாங்க, ஒருத்தர்கூட நடந்து பாருங்க" என்றாள்.

இன்ஜினியர் வந்தாள். அந்த ஒருத்தர் ஓய்வுபெற்ற டிராயிங் வாத்தியார், எழுபத்தொரு வயது. பஸ்ஸில் எப்போதும் முன் சீட்டில் உட்கார்ந்து, போகிற வழியில் உள்ள பெயர்ப்பலகைகளில் குற்றம் கண்டுபிடித்துக்கொண்டே வருவார். 'அந்த "க"வைப் பாருங்கம்மா, தொப்பை போட்டிருக்கு' என்பார். கண்ணாடிக் கடைப் பலகைகூட அவரிடம் தப்பியதில்லை.

மூன்று பேரும் நடந்தார்கள். வாத்தியார் கைப்பிடிச் சுவரில் இரண்டு இடத்தில் உட்கார்ந்தார். மூன்றாவது இடத்தில் சுவர் இல்லை. பதினேழின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். மூச்சு வாங்கும்போதும் வாய் ஓயவில்லை. "உங்க வரைபடத்துல இந்த மேடு எங்கம்மா இருக்கு? கோடு நேராப் போகுது" என்று இன்ஜினியரைக் கேட்டார். மேட்டு உச்சிக்கு வந்து சேர்ந்ததும் கண்ணாடிக் கடையிலிருந்து அக்கா ஒரு நாற்காலியோடு ஓடிவந்தாள். அவர் வரும்போதெல்லாம் நாற்காலி போடுவது அவளுக்குப் பழக்கம். இன்ஜினியர் தன் போனைப் பார்த்தாள். முந்நூற்றைம்பது மீட்டருக்குப் பத்தொன்பது நிமிடம். குறித்துக்கொண்டு போனாள்.

மூன்று வாரம் கழித்து அவளிடமிருந்து போன் வந்தது.

"பக்கவாசலுக்கு முன்னாடி சமதளம் இருக்கு, நடைமேடை கட்டலாம். ஆனா ரெண்டு ஸ்டாப்பும் இவ்வளவு பக்கத்துல இருக்கக் கூடாது. மேட்டுல பாதி ஏறின வண்டிய உடனே நிறுத்தணும்னா சிக்கல், உங்களுக்கே தெரியும். ஒண்ணைச் சேர்க்கணும்னா ஒண்ணை எடுக்கணும்."

"எதை?"

"ஒன்பதை."

வியாழக்கிழமை சாயங்காலம் பள்ளிக்கூட ஹாலில் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம். அதில் இரண்டு யோசனைகளையும் வைக்கப்போகிறார்கள். "நான் பேசினா அது வெறும் புள்ளிவிவரம். பத்தொன்பது வருஷம் ஓட்டினவங்க பேசினா வேற" என்றாள் இன்ஜினியர். பதினேழு வருகிறேன் என்று சொல்லிவிட்டாள்.

புதன்கிழமை அக்காவிடம் சொல்லிவிடுவது என்று கடைக்குப் போனாள். வழியெல்லாம் வாக்கியத்தைக் கட்டிக்கொண்டே போனாள். கடைக்குள் அத்தான் நாற்காலிமேல் நின்றுகொண்டு சுவரை அளந்துகொண்டிருந்தார். கீழே தரையில் காகிதம் சுற்றிய புதுப் பலகை ஒன்று சாய்ந்திருந்தது.

"எப்படி இருக்கு பாரு" என்று அக்கா காகிதத்தைக் கிழித்தாள். "நடைமேடைல நிக்கிறவங்க கண்ணுக்கு நேரா வர்ற மாதிரி மாட்டப் போறோம். உன் டிராயிங் வாத்தியாரைக் கேட்டுத்தான் எழுத்தைத் தேர்ந்தெடுத்தேன். மனுஷன் கடைசில ஒரு வழியா நல்லா இருக்குன்னுட்டார்!"

பதினேழு பலகையைப் பார்த்தாள். நல்ல பச்சை நிறம். "நல்லா இருக்குக்கா" என்றாள். கட்டிக்கொண்டு வந்த வாக்கியத்தை அப்படியே மென்று விழுங்கினாள்.

"சொல்லிட்டியா?" என்று வீட்டுக்காரர் கேட்டார்.

"இல்ல."

"போன் பண்ணு."

"போன்ல சொல்ற விஷயமா இது?"

"அப்ப ஹால்ல சொல்ற விஷயமா?"

மறுநாள் காலைப் பணி முடிந்தபோதும் நேரம் இருந்தது. போகவில்லை.

ஹாலில் முதல் வரிசை முழுக்கக் கடைக்காரர்கள். அக்கா தன் பக்கத்து நாற்காலியில் கைப்பையை வைத்துத் தங்கைக்கு இடம் பிடித்திருந்தாள். அவள் உள்ளே வந்ததும் கையை ஆட்டிக் கூப்பிட்டாள். பதினேழு போய் உட்கார்ந்தாள். கைப்பை அக்காவின் மடிக்குப் போனது. இன்ஜினியர் இரண்டு வரைபடங்களையும் திரையில் காட்டினாள். இரண்டாவதில் ஒன்பது என்ற எண் மேட்டிலிருந்து கீழே இறங்கிப் பக்கவாசலில் நின்றது. முதல் வரிசையில் சலசலப்பு.

"இது என்னடி புதுசா?" என்றாள் அக்கா. அதற்குள் தங்கையை மைக்குக்குக் கூப்பிட்டுவிட்டார்கள்.

பதினேழு நீளமாகப் பேசவில்லை. பக்கவாசலில் திங்கள், புதன், வெள்ளி எத்தனை பேர் ஏறினார்கள், எந்தெந்த நேரத்தில், என்ன நிலையில் என்று சொன்னாள். இரண்டு மெமோ வாங்கியதையும் சொன்னாள். "மேட்டு மேல இருக்கிறவங்க கீழ இறங்கி வந்து வண்டி ஏறலாம். கீழ இருக்கிற இவங்களால மேல ஏற முடியாது" என்று முடித்தாள். பின் வரிசையில் கை தட்டினார்கள். திரும்பி வந்தபோது அவள் நாற்காலியில் அக்காவின் கைப்பை மறுபடியும் இருந்தது. அக்கா அதை எடுக்கவில்லை. பதினேழு சுவரோரமாகப் போய் நின்றுகொண்டாள்.

கூட்டம் முடிந்து வாசலில் அக்கா அவளைப் பிடித்தாள்.

"நாற்காலி போட்டது யாரு? ஒன்றரை வருஷமா அந்த மனுஷருக்குத் தண்ணி கொடுத்தது யாரு? எனக்கு மட்டும் நெஞ்சுல ஈரம் இல்லைன்னு ஊருக்கே சொல்லிட்டே."

"அப்படிச் சொல்லலக்கா..."

"ஸ்டாப் போனாப் போகட்டும். நேத்து என் கடைல நின்னு அந்தப் பலகையைப் பார்த்து நல்லா இருக்குன்னு சொன்னியே. அப்பவே உனக்குத் தெரியும், இல்ல?"

பதினேழு தலையை ஆட்டினாள். அக்கா கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தாள். அத்தான் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு அவள் பின்னாலேயே போனார்.

இரண்டு மாதத்தில் முடிவு வந்தது. நிறுத்தம் பக்கவாசலுக்கு மாறியது. அதற்குப் பிறகு சகோதரிகளுக்குள் பேச்சுவார்த்தை இல்லை. பதினேழு போன் செய்தால் அத்தான் எடுத்து, "கஸ்டமர் இருக்காங்கம்மா" என்பார். ஒருமுறை கடை வாசல்வரை போய், கண்ணாடிக் கதவுக்குள் அக்கா முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டுத் திரும்பினாள். தான் செய்தது சரி என்பதில் அவளுக்குச் சந்தேகம் வந்ததே இல்லை. அதனால்தான் அது இன்னும் உறுத்தியது. தப்பு என்றால் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போய்விடலாம். இங்கே சரியான ஒன்றைத் தப்பான விதத்தில் செய்திருந்தாள். அதை எந்த முனையில் பிடித்து அவிழ்ப்பது என்று தெரியவில்லை.

டிராயிங் வாத்தியார், தடம் திறப்பதற்கு நாலு மாதம் இருக்கும்போது இறந்துபோனார். பதினேழு சீருடையிலேயே போய்வந்தாள். அவர் மனைவி அவளை அடையாளம் கண்டுகொண்டு உள்ளே கூட்டிப்போனார். "பேப்பர்ல அந்த ஸ்டாப்போட படம் போட்டிருந்தாங்க. ரொம்ப நேரம் பார்த்துட்டு, 'எழுத்து சுமார்தான்'னார்" என்று சொல்லிச் சிரித்தார். சிரித்துக்கொண்டே அழுதார். பதினேழும் அப்படித்தான்.

தடம் திறந்த அன்று மதியப் பணி அவளுக்கு. பக்கவாசலில் ஏழு பேர் ஏறினார்கள். அதில் ஒரு பெண் கையில் கட்டோடு வந்து முன் சீட்டில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். இந்த நிறுத்தம் இங்கே எப்படி வந்தது என்று அவளுக்குத் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. வண்டி மேடேறியது. கண்ணாடிக் கடையைக் கடக்கும்போது குறுக்குத் தெருவுக்காக மணி அடிக்க வேண்டும், அது விதி. அடித்தாள். கடைக்குள்ளிருந்து அத்தான் கையை உயர்த்தினார். அக்கா லென்ஸ் அரைத்துக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை. இப்படி ஒரு நாளைக்குப் பத்துத் தடவை.

அந்த வருட மருத்துவப் பரிசோதனையில், தூரப்பார்வை நன்றாக இருக்கிறது, கிட்டப் பார்க்கத்தான் கண்ணாடி வேண்டும் என்று எழுதிவிட்டார்கள். முன்னால் இருக்கும் சின்னத் திரையின் எழுத்து கலங்குவது அவளுக்கே தெரிந்திருந்தது. இரண்டு வாரத்துக்குள் கண்ணாடி போட்டுக்கொண்டு சான்றிதழ் காட்ட வேண்டும்.

"நம்ம டிப்போ பக்கத்துல ஒரு கண்ணாடிக் கடை இருக்கே" என்றார் வீட்டுக்காரர், வேண்டுமென்றே.

"இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, நாலு மணிக்குப் பணி முடிந்ததும் மேடேறினாள்.

கடையில் வேறு யாருமில்லை. அத்தான் அவளைப் பார்த்ததும், "ஒரு போன் பேசணும்" என்று போனில்லாமலே வெளியே போய்விட்டார். பதினேழு மருத்துவரின் சீட்டை மேசைமேல் வைத்தாள். அக்கா அதைப் படித்தாள். பிறகு உயரமான நாற்காலியைக் காட்டி, "உட்காரு" என்றாள்.

சோதனைச் சட்டம் மூக்கில் ஏறியது. கனமாக, சில்லென்று இருந்தது. அக்காவின் முகம் ஒரு சாண் தூரத்தில். சின்ன எழுத்து அட்டை ஒன்றைத் தங்கை கையில் கொடுத்து, அவள் ஒவ்வொரு வில்லையாக மாற்றிப் போட்டாள்.

"இது தெளிவா, இது தெளிவா?"

"ரெண்டாவது."

"இது?"

"ம்... தெரியுது."

"சும்மா சொல்லாத. தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லு. என்னைத் திருப்திப்படுத்த ஒண்ணும் சொல்ல வேண்டாம், அதை ஏற்கெனவே ஒருதடவை பண்ணிட்டே."

பதினேழு சட்டத்தைக் கழற்றப் போனாள். அக்கா அவள் கையைத் தட்டிவிட்டாள். "அசையாத."

"சொல்லியிருக்கணும்கா" என்றாள் பதினேழு, கண்ணாடியோடே. "பயந்துட்டேன்."

"என்கிட்டயா?"

"நீ வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா, நான் அங்க வாயைத் திறக்க மாட்டேன்னு பயம்."

அக்கா கையில் இருந்த வில்லையைத் துணியால் துடைத்தாள். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

"வேண்டாம்னுதான் சொல்லியிருப்பேன்" என்றாள் மெதுவாக. "நாலு நாள் கண்டபடி திட்டியிருப்பேன். அப்புறம் நீ எப்படியும் பேசத்தான் போறேன்னு தெரிஞ்சு, உன் பக்கத்துல வந்து உட்கார்ந்திருப்பேன். மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டுத்தான். ஆனா பக்கத்துல உட்கார்ந்திருப்பேன்டி."

பதினேழுக்குக் கையில் இருந்த அட்டை கலங்கியது. "இப்ப எதுவுமே தெரியலக்கா" என்றாள்.

"அழுதா எப்படித் தெரியும்? துடை. அப்புறம் நம்பர் தப்பாப் போயிடும், என் கடைப் பேர்தான் கெடும்."

கண்ணாடிக்கு மெல்லிய கறுப்புச் சட்டத்தை அக்காவே தேர்ந்தெடுத்தாள். தங்கையை ஒன்றும் கேட்கவில்லை.

எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்று சொல்ல முடியாது. கடையில் பழைய வியாபாரம் திரும்பவில்லை. நெடுநாள் வாடிக்கையாளர்களால் ஓடுகிறது. பச்சைப் பலகை மாட்டிய இடத்தில் இருக்கிறது. டிராமில் இருந்து பார்த்தால் இரண்டு நொடி தெரியும். நிறுத்தத்தை மாற்றியது சரிதான் என்று அக்கா இன்றுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை. பதினேழும் கேட்டதில்லை.

போன மாதம் அந்த இன்ஜினியர் மறுபடி கூப்பிட்டாள். வடக்கே இன்னொரு தடம் போடப்போகிறார்கள். ஓட்டுநர்கள் சார்பில் குழுவில் இருக்க முடியுமா என்று கேட்டாள்.

"இருக்கேன். ஆனா படத்துல எண்ணை இடம் மாத்தறதுக்கு முன்னாடி, அந்த இடத்துல கடை வெச்சிருக்கிறவங்களுக்கு நேர்ல போய்ச் சொல்லணும்" என்றாள் பதினேழு.

"அதுக்கு ஆள் இல்லையேக்கா."

"நான் போறேன்."

அதிலிருந்து ஓய்வு நாளில் வடக்குத் தெருவில் கதவு கதவாக ஏறி இறங்குகிறாள். திரும்பும் வழியில் கண்ணாடிக் கடைக்கு வந்தால், "இன்னைக்கு எத்தனை பேர் திட்டினாங்க?" என்று அக்கா கேட்பாள். எண்ணிக்கை அதிகம் என்றால் அவளுக்குக் கொஞ்சம் திருப்தி.

சென்ற வாரம் ஒரு சைக்கிள் பழுதுபார்ப்பவர் அரை மணி நேரம் விடாமல் திட்டினார். தெருவைத் தோண்டினால் சைக்கிள் எப்படி வரும், உங்கள் வண்டிக்கு என் பிழைப்பா கிடைத்தது என்று. பதினேழு குறுக்கே பேசவில்லை. அவர் மூச்சு விட நிறுத்தியபோது, "சனிக்கிழமை மறுபடி வரேன்" என்றாள்.

"எதுக்கு?"

"இன்னைக்கு நீங்க சொன்னதை அங்க போய்ச் சொல்லிட்டு, அவங்க என்ன சொன்னாங்கன்னு உங்ககிட்ட சொல்ல."

அவர் சந்தேகத்தோடு அவளைப் பார்த்தார். கையில் இருந்த சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, அது எங்கே கோணுகிறது என்று கவனித்தார். பிறகு எழுந்து வாசலுக்கு வந்து, தெருவின் இடதுபக்கம் கையை நீட்டினார்.

"ஸ்டாப்பை அங்க வெக்கறதா சொல்றாங்க. அங்க யாரும் நிக்க மாட்டாங்கம்மா. காலைல வெயில் நேரா மூஞ்சில அடிக்கும். எல்லாரும் அந்தச் செவுத்தோரமாத்தான் நிப்பாங்க. எத்தனை வருஷமாப் பார்க்கறேன்" என்றார்.

பதினேழு கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, நோட்டுப் புத்தகத்தைத் திறந்தாள்.